ஸ்டீபன் கிளக்ஸ்டன்: கேலிக் ஃபுட்பாலை அதிகம் மாற்றியவர் ஒரு கோல்கீப்பரா?

நெய்தல்வாசி எழுதியது:

அயர்லாந்தின் கேலிக் ஃபுட்பாலின் மகத்தான ஆட்டக்காரர் யார் என்று பேச்செடுத்தால் எல்லாரும் முன்கள ஆட்டக்காரர்களைத்தான் அடுக்குவார்கள். கெர்ரியின் கோல்ம் கூப்பர், டிரோனின் பீட்டர் கானவன், இப்போது கெர்ரியின் டேவிட் கிளிஃபர்ட். மூவரும் அந்தப் பேச்சுக்குத் தகுதியானவர்கள்தான். ஆனால் ஆட்டம் ஆடப்படும் விதத்தையே மாற்றியவர் யார் என்று கேள்வியைக் கொஞ்சம் திருப்பிப் போட்டால் என் பதில் ஒன்றே ஒன்று: டப்ளினின் கோல்கீப்பர் ஸ்டீபன் கிளக்ஸ்டன்.

இந்த ஆட்டம் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மோதுவது அயர்லாந்தின் கவுண்டி அணிகள். கெர்ரி, டிரோன், டப்ளின் எல்லாம் கவுண்டிகள், நம் மாவட்டம் மாதிரி. அணிக்கு 15 பேர். கம்பம் ரக்பி போல ஆங்கில எச் வடிவத்தில் இருக்கும், கீழே வலை கட்டியிருக்கும். குறுக்குக் கட்டைக்கு மேலே பந்து போனால் 1 பாயிண்ட், வலைக்குள் போனால் கோல், அதற்கு 3 பாயிண்ட். 1-12 என்று எழுதினால் ஒரு கோல், 12 பாயிண்ட், மொத்தம் 15. பந்தைக் கையில் பிடிக்கலாம். ஆனால் நான்கு எட்டுக்கு மேல் சும்மா தூக்கிக்கொண்டு ஓட முடியாது. தரையில் ஒரு தட்டுத் தட்ட வேண்டும், அல்லது கால் நுனியில் தட்டிக் கைக்கே திருப்பிக்கொள்ள வேண்டும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். எதிரணி ஸ்கோர் செய்தாலும் சரி, அடித்த பந்து வெளியே போனாலும் சரி, ஆட்டத்தை மறுபடி தொடங்குவது கோல்கீப்பரின் உதை. அதுதான் கிக்-அவுட். ஒரு ஃபைனலில் இரண்டு பக்கமும் சேர்ந்து முப்பது ஸ்கோர் விழுவது சாதாரணம். வெளியே போகும் பந்துகள் தனி. அத்தனை தடவையும் பந்து இரண்டு கோல்கீப்பர்களில் ஒருவரின் காலுக்கு வருகிறது. நூறு வருஷத்துக்கும் மேலாக அந்த உதையை எப்படிப் பயன்படுத்தினார்கள்? முடிந்த மட்டும் தூரமாக நடுக்களத்துக்கு அடித்தார்கள். அங்கே நான்கு உயரமான ஆட்கள் எம்பிக் குதிப்பார்கள். யார் கையில் சிக்குகிறதோ அவர்களுக்குப் பந்து. பாதிக்குப் பாதி அதிர்ஷ்டம்.

அந்த உதையை ஒரு பாஸாக மாற்றியவர் கிளக்ஸ்டன். ஓடிக்கொண்டிருக்கும் தன் ஆள் இன்னும் இரண்டு விநாடியில் எங்கே இருப்பானோ அந்த இடத்துக்குப் பந்தை அனுப்பினார். பந்து கையில் இருந்தால்தான் ஸ்கோர் அடிக்க முடியும். அது யார் கையில் இருக்கும் என்பதைத் தீர்மானிக்கும் வேலை கோல்கீப்பரிடம் வந்து சேர்ந்தது. அப்புறம் மற்றக் கவுண்டிகளும் இதே மாதிரி ஒருவரைத் தேடத் தொடங்கின.

மாற்றுக் கருத்து உள்ளவர்கள் வாருங்கள்.

பழைய ரேடியோ எழுதியது:

மாற்றுக் கருத்து எனக்கு உண்டு, நண்பரே. மாற்றியவர் வேறு, மகத்தானவர் வேறு. நான் கூப்பர் கட்சி.

2004 அகில அயர்லாந்து ஃபைனலில் மேயோவுக்கு எதிராக அவர் போட்ட கோலை இன்னொரு தடவை பாருங்கள். தலைக்கு மேல் வந்த பந்தை எம்பிப் பிடித்தார். இறங்கியதும் ஒரு பக்கமாக நழுவினார், அவரை மறித்தவர் வேறு திசையில் போய்விட்டார். அப்புறம் அவசரமே இல்லாமல் வலைக்குள் தள்ளினார். ஆள் பார்ப்பதற்கு ஒல்லி, உயரமும் கிடையாது. அப்படிப்பட்டவர் வருஷத்தின் சிறந்த ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் ஆல் ஸ்டார் அணியில் எட்டு முறை இடம் பிடித்தார். ஆட்டத்தின் அழகு என்றால் அதுதான். கோல்கீப்பர் பந்தைப் பதினைந்து கஜம் தள்ளி நிற்கும் தன் ஆளிடம் உதைத்துக் கொடுப்பதை எப்படி அதற்குச் சமமாக வைப்பீர்கள்?

இன்னொன்று. 2009 காலிறுதியில் டப்ளினும் கெர்ரியும் மோதின. ஆட்டம் தொடங்கிய முதல் நிமிடத்திலேயே கூப்பர் கோல் போட்டார், கோல் காத்தவர் இதே கிளக்ஸ்டன். கடைசியில் கெர்ரி 1-24, டப்ளின் 1-7. பதினேழு பாயிண்ட் வித்தியாசம். அந்த மதியம் கிக்-அவுட் யாரையும் காப்பாற்றவில்லை.

ஈரக்காற்று எழுதியது:

பழைய ரேடியோ ஐயா, 2009-ஐ நீங்களே எடுத்துக் கொடுத்தது நல்லதாகப் போயிற்று. கிளக்ஸ்டனின் கதையில் முக்கால்வாசிப் பேர் தாண்டிப் போகிற பகுதி அந்த முதல் பத்து வருஷம்தான்.

நான் டப்ளினில் இருக்கிறேன், வேலைக்காக வந்தவன். இங்கே கூட வேலை செய்பவர்கள் எல்லாம் ஆறு கோப்பை, ஏழு கோப்பை என்றே பேசுவார்கள். ஆனால் 2001-இல் அணிக்கு வந்த கிளக்ஸ்டன் 2011 வரை ஒரு அகில அயர்லாந்துப் பட்டம்கூடப் பார்க்கவில்லை. அவர் வடக்கு டப்ளினில் கூலொக் பக்கத்து ஆள், கிளப் பார்னெல்ஸ். 2002-இல் லெய்ன்ஸ்டர் மாகாணப் பட்டம் வந்தது, முதல் ஆல் ஸ்டாரும் வந்தது. அடுத்த வருஷமே அடி விழுந்தது.

2003-இல் அர்மாவுக்கு எதிரான ஆட்டம், குரோக் பார்க்கில். அர்மாதான் அப்போதைய சாம்பியன். எதிரணியின் ஸ்டீவன் மக்டொனலை நோக்கிக் காலை வீசினார் என்று கிளக்ஸ்டனுக்குச் சிவப்பு அட்டை. மீதி ஆட்டத்தை 14 பேரோடு ஆடிய டப்ளின் தோற்றது. வயது 21. தோல்விக்கு விரலை நீட்ட ஒரு ஆள் தேவைப்பட்டது, அந்த ஆள் அவர்தான்.

2006 செமிஃபைனலில் மேயோவை ஏழு பாயிண்ட் முந்தியிருந்த டப்ளின், கடைசியில் ஒரு பாயிண்டில் தோற்றது. 2008-இல் டிரோன் பன்னிரண்டு பாயிண்ட் வித்தியாசத்தில் அடித்தது. 2009 நீங்கள் சொன்னது. 2010 செமியில் கார்க்கிடம் மறுபடி ஒரு பாயிண்ட். இத்தனைக்கும் நடுவில் லெய்ன்ஸ்டரை மட்டும் 2005 முதல் 2009 வரை வருஷா வருஷம் ஜெயித்துக்கொண்டே இருந்தார்கள். ஆகஸ்டு வந்தால் கதை முடிந்துவிடும். டப்ளின்காரர்கள் பெரிய ஆட்டத்தில் நடுங்கிவிடுவார்கள் என்று மற்றக் கவுண்டிகளில் பேச்சாகவே ஆகிவிட்டது.

அந்தப் பத்து வருஷத்தை வைத்துப் பார்த்தால்தான் 2011 என்ன என்று புரியும்.

புதுவரவு எழுதியது:

2011-இல் என்ன நடந்தது? ஆட்டமே புதிது எனக்கு, கொஞ்சம் விளக்கமாகச் சொன்னால் நன்றாக இருக்கும்.

ஈரக்காற்று எழுதியது:

சொல்கிறேன் தம்பி, சந்தோஷமாகச் சொல்வேன்.

செப்டம்பர் 18, 2011. ஃபைனல். எதிரே யார்? அதே கெர்ரி. கேப்டன் யார்? அதே கூப்பர். முதல் பாதியில் கோலும் போட்டுவிட்டார். டப்ளின் கடைசியாகக் கோப்பையைத் தொட்டது 1995-இல். குரோக் பார்க்கில் 82 ஆயிரம் பேர்.

முடிய ஏழெட்டு நிமிஷம் இருக்கும்போது கெர்ரி நான்கு பாயிண்ட் முன்னால். அனுபவமுள்ள அணி, பந்தை வைத்துக்கொண்டு நேரத்தை ஓட்டினாலே போதும். அப்போது மாற்று ஆட்டக்காரராக வந்திருந்த கெவின் மக்மனமன் குறுக்கே வெட்டி ஓடி வலைக்குள் அடித்தார். வித்தியாசம் ஒன்று. அடுத்து கெவின் நோலன் தூரத்திலிருந்து ஒரு பாயிண்ட். சமம். பெர்னார்ட் பிரோகன் ஒன்று போட்டு டப்ளினை முன்னால் கொண்டுவந்தார். கெர்ரியின் கீரன் டோனஹி ஓரத்திலிருந்து அடித்து மறுபடி சமமாக்கினார். எழுபது நிமிஷம் முடிந்து கூடுதல் நேரம் ஓடிக்கொண்டிருக்கிறது. மக்மனமனை இழுத்துவிட்டார்கள், டப்ளினுக்கு ஃப்ரீ, அதாவது யாரும் மறிக்காத உதை.

கோல்கீப்பர் தன் கம்பத்தை விட்டு மைதானத்தின் நீளம் முழுக்க வருகிறார். ஓடவில்லை. மெதுவோட்டம்தான், ஒரு வேலையை முடிக்கப் போகிறவர் மாதிரி. பந்தைத் தரையில் வைத்தார். தலையைத் தூக்கிக் கம்பத்தை ஒரு தடவை பார்த்தார். பின்னால் சில எட்டு. இடது கால். பந்து ஏறி, கம்பங்களுக்கு நடுவே நேராகப் போயிற்று.

அதற்கப்புறம் அவர் செய்ததைத்தான் கவனிக்க வேண்டும். அந்த நிமிஷத்தில் டப்ளின்காரன் எவனாக இருந்தாலும் சட்டையைக் கழற்றிச் சுழற்றியிருப்பான். கிளக்ஸ்டன் திரும்பித் தன் கோலை நோக்கி அதே மெதுவோட்டத்தில் போனார். இன்னும் ஆட்டம் முடியவில்லை, கெர்ரி பந்தோடு திரும்பி வரலாம், கோலில் ஆள் இருக்க வேண்டும். அவ்வளவுதான் அவருக்கு. டப்ளின் 1-12, கெர்ரி 1-11. பதினாறு வருஷம் கழித்துக் கோப்பை.

ஒன்றைக் கவனியுங்கள். சமநிலையில், கடைசி உதையை, ஃபைனலில், கோல்கீப்பரிடம் கொடுக்கிறார்கள். அணியில் பிரோகன் இருந்தார், அந்த வருஷத்துக்கு முந்தைய ஆண்டின் சிறந்த ஆட்டக்காரர். ஆனாலும் மேனேஜர் பாட் கில்ராய்க்கும் அணிக்கும் அதில் சந்தேகமே இல்லை. கால் அவ்வளவு நம்பகமானது.

கணக்குப்பிள்ளை எழுதியது:

உணர்ச்சியை ஒரு ஓரமாக வைத்துவிட்டுப் பேசலாமா?

டப்ளின் 2011, 2013, அப்புறம் 2015-இலிருந்து 2020 வரை தொடர்ந்து ஆறு, கடைசியாக 2023. ஒன்பது பட்டம். இந்த ஒன்பதிலும் கிளக்ஸ்டன் இருந்தார், சரி. ஆனால் டப்ளினில் வேறு என்னவெல்லாம் இருந்தது? 2022 மக்கள்தொகைக் கணக்கில் டப்ளின் கவுண்டியில் 14 லட்சத்து 58 ஆயிரம் பேர். லெய்ட்ரிம் கவுண்டியில் 35 ஆயிரம் பேர். இரண்டும் ஒரே கோப்பைக்காக ஆடுகின்றன. இந்த ஆட்டத்தில் ஆட்டக்காரரை விலைக்கு வாங்க முடியாது, பெரும்பாலும் சொந்த ஊருக்குத்தான் ஆடுவார்கள், அதனால் ஜனத்தொகைதான் முதலீடு. அதற்கு மேல் விளையாட்டு வளர்ச்சிக்கான நிதியிலும் டப்ளினுக்குப் பல வருஷம் பெரிய பங்கு போயிற்று என்று மற்றக் கவுண்டிகள் இன்றைக்கும் கொதிக்கின்றன. ஸ்பான்சர் பணம் தனி. பெரிய ஆட்டங்கள் எல்லாம் நடக்கிற குரோக் பார்க்கும் டப்ளினிலேயே இருக்கிறது.

கிளக்ஸ்டன் லெய்ட்ரிமில் பிறந்திருந்தால் இந்த இழையே இருந்திருக்காது. அவர் உதைக்கும் பந்தை ஓடிப் பிடிக்க ஜேம்ஸ் மக்கார்த்தி மாதிரி ஆட்கள் இருந்ததால்தான் அது பாஸ். இல்லாவிட்டால் அது வெறும் உதை.

நெய்தல்வாசி எழுதியது:

ஜனத்தொகை வாதத்தில் பாதி எனக்கும் சம்மதம். டப்ளினுக்குக் கிடைத்த வசதி நியாயமானதா என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்வேன், அதைச் சரி செய்வது ஆட்டத்தை நடத்தும் சங்கத்தின் பொறுப்பு.

ஆனால் ஜனத்தொகை 1996-லும் இருந்தது, 2006-லும் இருந்தது, அப்போது கோப்பை வரவில்லையே. அது மட்டும் போதுமென்றால் அந்தப் பதினாறு வருஷத்துக்கு என்ன பதில்?

என் கேள்வி கோப்பை எண்ணிக்கையைப் பற்றியதும் அல்ல. எதிரணிகள் என்ன செய்தன என்பதை வைத்துப் பாருங்கள். ஒரு ஆட்டக்காரரின் தாக்கத்தை அளக்க எனக்குத் தெரிந்த நேர்மையான வழி அதுதான்.

2014-ஐ எடுத்துக்கொள்வோம். செமிஃபைனலில் டொனிகால் டப்ளினைத் தோற்கடித்தது, 3-14க்கு 0-17. ஜிம் கேவின் மேனேஜராக இருந்த ஏழு வருஷத்தில் சாம்பியன்ஷிப்பில், அதாவது அகில அயர்லாந்துக் கோப்பைக்கான போட்டியில், டப்ளின் தோற்ற ஒரே ஆட்டம் அது. சரி, அடுத்து ஃபைனல், டொனிகாலும் கெர்ரியும். டொனிகால் கோல்கீப்பர் பால் டர்கன் குட்டையாக ஒரு கிக்-அவுட் அடிக்கிறார். பந்து நேரே கெர்ரியின் டோனஹி கைக்குப் போகிறது. அவர் அதை வலைக்குள் போடுகிறார். கெர்ரி ஜெயித்தது 2-9க்கு 0-12, மூன்றே பாயிண்ட், அந்த ஒரு கோலின் மதிப்பு. டர்கன் மோசமான கோல்கீப்பர் இல்லை, நல்ல ஆள்தான். ஆனால் கிளக்ஸ்டன் தினமும் செய்கிற வேலையில் ஆபத்து எவ்வளவு என்பதை அந்த ஒரு உதை காட்டிவிட்டது.

இன்னும் பெரிய உதாரணம் 2016. டப்ளின், மேயோ ஃபைனல் டிரா. மறு ஆட்டத்துக்கு மேயோ மேனேஜர் ஸ்டீபன் ராக்ஃபோர்ட் தன் கோல்கீப்பர் டேவிட் கிளார்க்கை உட்கார வைத்துவிட்டு ராபர்ட் ஹெனலியை இறக்கினார். கிளார்க் கோல் தடுப்பதில் கெட்டிக்காரர், அந்த வருஷத்து ஆல் ஸ்டார் கோல்கீப்பரே அவர்தான். ஆனால் ஹெனலியின் உதை தூரமும் போகும், வகையும் அதிகம். ஃபைனலுக்கு ஆளைத் தேர்ந்தெடுக்கும்போது தடுப்பதைவிட உதைப்பது முக்கியம் என்று ஒரு மேனேஜர் முடிவெடுக்கிறார்! இருபது வருஷத்துக்கு முன்னால் இப்படி ஒருவர் சொல்லியிருந்தால் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள். அப்புறம் நடந்தது மேயோக்காரர்களுக்கு இன்றைக்கும் ஆறாத புண். ஹெனலி உயரப் பந்து ஒன்றை நழுவவிட்டு, டப்ளினின் பேடி ஆண்ட்ரூஸை இழுத்துக் கறுப்பு அட்டை வாங்கி வெளியேறினார். பெனால்டி. கிளார்க் அவசரமாக உள்ளே வந்தார், டியர்மட் கானலி அவரைத் தாண்டி அடித்தார். டப்ளின் 1-15, மேயோ 1-14.

கிளக்ஸ்டன் அந்தப் பக்கக் கோலில் நின்றுகொண்டிருந்தார், அவ்வளவுதான். ஆனால் அவர் இல்லாவிட்டால் அந்த மாற்றமே நடந்திருக்காது.

பழைய ரேடியோ எழுதியது:

2016 உதாரணம் வலுவானது, ஒப்புக்கொள்கிறேன். மேயோவுக்காக எனக்கு இன்றைக்கும் மனசு வலிக்கும். 1951-க்குப் பிறகு கோப்பை இல்லை அவர்களுக்கு.

ஆனால் இதையும் சொல்லிவிடுகிறேன். கிளக்ஸ்டன் கொண்டுவந்த மாற்றம் ஆட்டத்துக்கு நல்லதா? நடுக்களத்தில் எம்பிப் பந்தைப் பறிக்கிற காட்சி இந்த ஆட்டத்தின் உயிர். வாலன்ஷியா தீவின் மிக் ஓ'கானல் காலத்தில் மக்கள் அதைப் பார்க்கத்தான் வந்தார்கள். குட்டை கிக்-அவுட் பரவியதும் நடுக்கள ஆட்டக்காரர் குதிப்பதையே மறந்து ஓட்டக்காரர் ஆகிவிட்டார். பந்தைப் பக்கத்து ஆளிடம் கொடு, அவன் இன்னொருவனிடம் கொடு, பின்னால் போ, சுற்றி வா. எதிரணி 15 பேரும் தங்கள் கோல் பக்கம் போய் நின்றுகொள்வார்கள். ஐந்து நிமிஷம் ஒன்றும் நடக்காது. நான் வெறுத்துப்போய் எத்தனையோ ஆட்டத்தைப் பாதியில் நிறுத்தியிருக்கிறேன்.

அதனால்தானே விதியை மாற்றினார்கள்?

மாலதி ரா எழுதியது:

பழைய ரேடியோ சார், அந்தச் சலிப்புக்கு கிளக்ஸ்டனைப் பொறுப்பாக்குவது சரியில்லை. அவர் குட்டையாக அடித்தது எதிரி தயாராவதற்கு முன்னால் பந்தை முன்னால் கொண்டுபோக. ஸ்கோர் விழுந்த சில விநாடியில் பந்து மறுபடி ஆட்டத்தில் இருக்கும். எதிரணி கொண்டாடி முடிப்பதற்குள் டப்ளின் ஐம்பது மீட்டர் கடந்திருக்கும். அவரைப் பார்த்து நகல் எடுத்தவர்கள் வேகத்தை விட்டுவிட்டுப் பாதுகாப்பை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். அப்புறம் எதிரணி முன்னேறி வந்து மறித்தால் அவர் தூரமாகவும் அடிப்பார். ஆளுக்கு மேலே தூக்கி, ஓரக்கோட்டுக்கு ஒட்டி, ஓடுகிறவர் மார்பில் விழும்படி. குட்டை உதை மட்டும் தெரிந்தவராக இருந்தால் இரண்டே வருஷத்தில் கண்டுபிடித்து அடைத்திருப்பார்கள்.

விதி பற்றிக் கேட்டீர்கள். ஒரு தடவையோடு நிற்கவில்லை. 2017-இல் ஒரு மாற்றம்: கிக்-அவுட் 45 மீட்டர் கோட்டைத் தாண்டி வரும்போது காற்றிலேயே சுத்தமாகப் பிடிப்பவருக்கு ஃப்ரீ உதை. உயரப் பிடிப்பதற்கு ஒரு பரிசு மாதிரி. அது பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. 2025-இல்தான் கத்தியை எடுத்தார்கள். கிக்-அவுட் கோலுக்கு முன்னால் 40 மீட்டரில் போட்ட வளைவுக் கோட்டைத் தாண்டியே ஆக வேண்டும். கோல்கீப்பரிடம் பந்தைத் திருப்பிக் கொடுப்பதற்கும் கடுமையான கட்டுப்பாடு. ஒவ்வொரு அணியும் எப்போதும் மூன்று பேரையாவது எதிரணிப் பாதியில் நிறுத்த வேண்டும். வளைவுக்கு வெளியிலிருந்து கட்டைக்கு மேல் அடித்தால் 2 பாயிண்ட்.

இந்த விதிகளை எழுதிய குழுவின் தலைவர் யார் தெரியுமா? ஜிம் கேவின். கிளக்ஸ்டனைக் கேப்டனாக்கி, அந்தக் கிக்-அவுட்டை வைத்தே தொடர்ந்து ஐந்து கோப்பை எடுத்த அதே மேனேஜர்! அந்த உதை எதிரணியை என்ன பாடு படுத்தும் என்று அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் யார்? நெய்தல்வாசியின் வாதத்துக்கு இதைவிடப் பெரிய சாட்சி கிடையாது என்பேன்.

எனக்கு கிளக்ஸ்டனைப் பிடிப்பதற்குக் காரணம் வேறு. இது சம்பளமில்லாத ஆட்டம். 82 ஆயிரம் பேர் முன்னால் ஞாயிறு ஆடிவிட்டு மறுநாள் எல்லாரும் வேலைக்குப் போவார்கள். அவர் பள்ளி ஆசிரியர். பேட்டி கொடுப்பது அபூர்வம். கோப்பையைக் கேப்டனாக ஏழு தடவை தூக்கியவர், 2013-இலும் 2015 முதல் 2020 வரையும். அப்படியும் அவர் குரல் எப்படி இருக்கும் என்று தெரிய வேண்டுமானால் கோப்பை வாங்கும்போது பேசிய பேச்சைத்தான் கேட்க வேண்டும். இன்றைக்கு அரை ஆட்டம் ஆடியவர்கூட நாள் முழுக்கத் தன்னைப் பற்றியே பேசுகிற காலத்தில் இது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது.

கணக்குப்பிள்ளை எழுதியது:

கேவின் விஷயம் நல்ல குறிப்பு, மாலதி அக்கா. நான் யோசிக்காத கோணம்.

ஆனாலும் கோல்கீப்பரின் அடிப்படை வேலை தடுப்பது. அதில் அவர் எப்படி? எல்லாரும் உதையையே பேசுகிறீர்கள்.

ஈரக்காற்று எழுதியது:

2019 ஃபைனலைப் பாருங்கள், முதல் ஆட்டம். டப்ளின் தொடர்ந்து ஐந்தாவது கோப்பைக்கு ஆடுகிறது. ஆண்கள் ஃபுட்பாலில் அதுவரை யாரும் ஐந்து தொடர்ந்து எடுத்ததில்லை. 1982-இல் கெர்ரி அதைக் கோட்டைவிட்டது, ஆஃபலியின் கடைசி நிமிஷக் கோலில். முப்பத்தேழு வருஷமாக அந்த எண்மேல் ஒரு பயம்.

எதிரே கெர்ரி. முதல் பாதியில் கெர்ரிக்குப் பெனால்டி. பால் கீனி அடிக்கிறார். கிளக்ஸ்டன் பாய்ந்து தடுத்தார். அதே பாதியில் டப்ளினின் ஜானி கூப்பர் வெளியே அனுப்பப்பட, 14 பேரோடு மீதி ஆட்டம். கடைசியில் 1-16க்கு 1-16, டிரா. அந்தப் பெனால்டி உள்ளே போயிருந்தால் ஐந்து என்ற கதை அங்கேயே முடிந்திருக்கும். இரண்டு வாரம் கழித்து மறு ஆட்டம், டப்ளின் 1-18, கெர்ரி 0-15.

அந்த வருஷம் நாட்டின் சிறந்த ஆட்டக்காரர் விருது, ஆல் ஸ்டார் நிகழ்ச்சியில், 37 வயது கோல்கீப்பருக்கு. ஓடுவதற்கும் அடிப்பதற்கும் கொடுக்கிற விருது என்றே எல்லாரும் நினைத்திருந்தது. கணக்குப்பிள்ளை, இது போதுமா?

புதுவரவு எழுதியது:

2020 வரை ஆடினார், அப்புறம் 2023 என்கிறீர்கள். நடுவில் எங்கே போனார்? காயமா?

மாலதி ரா எழுதியது:

அதுதான் அவர் கதையிலேயே விசித்திரமான பகுதி. 2020 டிசம்பரில் காலி மைதானத்தில் ஃபைனல், மேயோவுக்கு எதிராக 2-14க்கு 0-15. கொரோனா காலம், ஒரு ரசிகர்கூட இல்லை. ஆறாவது தொடர் கோப்பையை வெற்று இருக்கைகளுக்கு முன்னால் தூக்கினார். 2021-இல் அணியில் காணவில்லை. ஓய்வு பெறுகிறேன் என்று ஒரு வரி அறிக்கை கிடையாது. எவன் காமர்ஃபர்ட் கோலில் நின்றார். அந்த வருஷ செமியில் மேயோ டப்ளினைத் தோற்கடித்தது, 2014-க்குப் பிறகு சாம்பியன்ஷிப்பில் டப்ளினின் முதல் தோல்வி. 2022 செமியில் கெர்ரி ஒரே பாயிண்டில் ஜெயித்தது, ஷான் ஓஷே ஐம்பது மீட்டருக்கும் மேலிருந்து கடைசியாக அடித்த ஃப்ரீயில். லீக் என்ற தனிப் போட்டியில் டப்ளின் இரண்டாம் பிரிவுக்கு இறங்கியிருந்தது.

2023 மார்ச்சில் ஒரு லீக் ஆட்டம். அணி மைதானத்துக்குள் வருகிறது. மாற்று ஆட்டக்காரர்களில் கிளக்ஸ்டன் இருக்கிறார்! முன்னறிவிப்பு எதுவும் இல்லை. 41 வயது. அந்தக் கோடைக்காலம் முழுக்க அவர்தான் கோலில். ஜூலை 30, ஃபைனல், கெர்ரிக்கு எதிராக 1-15க்கு 1-13. ஒன்பதாவது பதக்கம். அவரோடு ஜேம்ஸ் மக்கார்த்திக்கும் மிக் ஃபிட்ஸிமன்ஸுக்கும் ஒன்பது. ஆண்கள் ஃபுட்பாலில் இந்த மூவருக்கு முன்னால் ஒருவரும் ஒன்பதைத் தொட்டதில்லை. 1970-80-களின் கெர்ரி ஜாம்பவான்கள் பாட் ஸ்பிலேன், பாடி ஓ ஷே, மைக்கி ஷீஹி எல்லாம் எட்டில் நின்றவர்கள்.

2024-லும் ஆடினார், கால்வே ஒரே பாயிண்டில் டப்ளினை வெளியே அனுப்பியது.

பழைய ரேடியோ எழுதியது:

நான் கூப்பர் கட்சியிலிருந்து இறங்கப் போவதில்லை. ஒரே ஒரு ஆட்டத்தை மறுபடி பார்க்க அனுமதி என்றால் நான் கூப்பர் ஆடுவதைத்தான் பார்ப்பேன். ஆனால் நெய்தல்வாசி கேட்ட கேள்வி வேறு என்பதையும் ஏற்கிறேன். கூப்பரைப் பார்த்து யாரும் கூப்பர் ஆகிவிட முடியவில்லை. கிளக்ஸ்டனைப் பார்த்து மொனஹனின் ரோரி பெகன், டிரோனின் நைல் மார்கன் என்று ஒரு வரிசையே வந்தது. அவர்கள் இன்னும் ஒரு படி போய், கோலை விட்டு வெளியே வந்து தாக்குதலிலும் சேர்ந்தார்கள். கிளக்ஸ்டன் ஃப்ரீ அடிக்க மட்டும் வந்துவிட்டுத் தன் இடத்துக்குத் திரும்புகிறவர். அந்த அளவில் அவர் பழைய காலத்து மனிதர், அது எனக்குப் பிடித்திருக்கிறது.

புதுவரவு எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. முதலில் எந்த ஆட்டத்தைப் பார்க்கட்டும்? எதைக் கவனிக்கட்டும்?

நெய்தல்வாசி எழுதியது:

2011 ஃபைனலின் கடைசி பத்து நிமிஷத்தை முதலில் பாருங்கள், ஆட்டத்தின் மேல் ஆசை வரும். அப்புறம் 2013 செமிஃபைனல், டப்ளின் 3-18, கெர்ரி 3-11. அதில் பழைய ரேடியோவின் கூப்பரும் தாக்குதலை நடுவிலிருந்து நடத்துவார், இரண்டு பேரையும் ஒரே ஆட்டத்தில் பார்த்துவிடலாம். மூன்றாவது 2019-இன் முதல் ஃபைனல், முழுசாக.

துண்டு வீடியோக்களைத் தவிர்த்துவிடுங்கள். அவற்றில் ஸ்கோர் மட்டும் இருக்கும், கிக்-அவுட்டை வெட்டியிருப்பார்கள். முழு ஆட்டத்திலும் ஒரு தொல்லை உண்டு. எதிரணி பாயிண்ட் போட்டதும் டிவியில் ரீப்ளே காட்டுவார்கள், அது முடிந்து நேரலைக்குத் திரும்புவதற்குள் கிளக்ஸ்டன் உதைத்து முடித்திருப்பார், டப்ளின் ஆள் ஒருவர் பந்தோடு ஓடிக்கொண்டிருப்பார். அப்படி நடக்கும்போதெல்லாம் எதிரணி ஆட்கள் எங்கே நிற்கிறார்கள், எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறார்கள் என்று பாருங்கள். ரீப்ளே இல்லாத சமயத்தில் அவர் பந்தை வைத்தபின் எவ்வளவு நேரம் எடுக்கிறார் என்று பாருங்கள், ஓடத் தொடங்கும் டப்ளின் ஆளையும் பாருங்கள். அந்த ஆள் திரும்பிப் பந்தைத் தேடுவதற்குள் பந்து கிளம்பியிருக்கும்.